வி. சுந்தரமூர்த்தி: காற்பந்தையே தொழிலாக்கிய சிங்கப்பூர்த் தமிழர்

"காற்பந்து விளையாடிச் சாப்பிட முடியுமா?"

நம் வீடுகளில் பல தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி இது. மாலையில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே பந்து உதைக்கலாம், பள்ளி அணிக்கும் ஆடலாம். ஆனா அதையே வேலையா வெச்சுக்கலாமா என்று கேட்டால் அப்பா அம்மாவின் முகம் மாறிவிடும்.

அந்தக் கேள்விக்கு 1980களிலேயே "முடியும்" என்று ஆடிக் காட்டியவர்களில் ஒருவர் வி. சுந்தரமூர்த்தி. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'டேஸ்லர்'. பார்ப்பவர் கண்ணைக் கூசவைப்பவர் என்று பொருள்.

ஐரோப்பாவில் ஆடிய வெகுசில சிங்கப்பூரர்களில் ஒருவர். மலேசிய லீக் பட்டத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த பயிற்றுவிப்பாளர். தேசிய அணியின் பொறுப்பை ஏற்று, கடும் குறைகூறலோடு விலகியவரும் அவரே.

அவர் யார்? ஏன் இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்? அவருடைய வாழ்க்கை இன்றைய இளையர்களுக்கு என்ன சொல்கிறது?

அவர் யார்?

முழுப்பெயர் வரதராஜு சுந்தரமூர்த்தி. பிறந்தது 1965 அக்டோபர் 6. சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டே மாதம் ஆகியிருந்த நேரம்.

தாக்குதல் ஆட்டக்காரர். பந்தைக் காலோடு ஒட்டவைத்தபடி எதிரணித் தற்காப்பாளர்களைத் தாண்டிச் செல்வதுதான் அவருடைய பலம். ஆங்கிலத்தில் டிரிப்ளிங் என்பார்களே, அதுதான். இரண்டு பேர் வழிமறித்தாலும் நடுவில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிச்சிடுவார். பந்து அவரிடம் வந்தாலே ஏதோ நடக்கப்போகுதுன்னு அரங்கம் எதிர்பார்க்கும்.

1980களில் தேசிய அணியில் இடம்பிடித்தார். அந்தக் காலத்தில் சிங்கப்பூர்க் காற்பந்து என்றாலே முதலில் நினைவுக்கு வந்த பெயர் ஃபாண்டி அகமது. அந்த வரிசையில் உடனே சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் சுந்தரமூர்த்தி.

அவருக்கு முன்பும் தமிழர்கள் இருந்தார்களா?

நிறைய பேர். அவர் திடீரென்று வானத்திலிருந்து குதித்துவிடவில்லை.

1970களில் 'கேமல்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட எஸ். ராஜகோபால் இருந்தார். அவர் உதைக்கும் பந்து வளைந்து போய் வலைக்குள் விழும். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். தற்காப்பில் தூணாக நின்ற சமது அல்லாப்பிச்சை, 1977ல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அணியின் தலைவர். சுந்தரமூர்த்தியின் காலத்தில் டி. பத்மநாதன் தற்காப்பில் ஆடினார்.

அடுத்த தலைமுறையில் ஆர். சசிக்குமார். 1998ல் ஹனோயில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வியட்நாமுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. அதுவும் காலாலோ தலையாலோ இல்லை, தோளில் பட்டுப் போனது! சிங்கப்பூருக்கு அதுவே முதல் அனைத்துலகப் பட்டம்.

இந்த வரலாற்றில் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கும் பங்குண்டு. குதிரைப் பந்தயத் திடலாக இருந்து விளையாட்டுத் திடலாக மாறிய ஃபேரர் பார்க், பல தலைமுறை விளையாட்டாளர்கள் பயிற்சி செய்த இடம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் டிர்விட் சாலையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1929ல் திறக்கப்பட்ட அந்த அரங்கம்தான் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் வீடு. சுந்தரமூர்த்தியின் ஆகப் பெரிய வெற்றி ஒன்றும் அங்கேதான் நடந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

மலேசியக் கிண்ணம்: அவ்வளவு பெரிய விஷயமா?

இன்றைய இளையர்களுக்கு இங்கிலிஷ் பிரிமியர் லீக் எப்படியோ, அவர்களின் அப்பா, தாத்தாக்களுக்கு மலேசியக் கிண்ணம் அப்படி.

எச்எம்எஸ் மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அன்பளித்த கிண்ணத்துக்காக 1921ல் தொடங்கிய போட்டி அது. முதல் ஆண்டே வென்றது சிங்கப்பூர். மொத்தம் 24 முறை கிண்ணம் இங்கு வந்திருக்கிறது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் மலேசிய மாநிலங்களோடு சேர்ந்து அதில் போட்டியிட்டது.

1973ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. முக்கியமான ஆட்டம் என்றால் 50,000க்கும் அதிகமானோர் அங்கே கூடுவார்கள். 'காலாங் ரோர்' என்ற பேச்சே அப்படி வந்ததுதான். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று எல்லா மொழியிலும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கோல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் யார்னு பார்க்காம கட்டிப்பிடிச்சுக்குவாங்க.

அந்த மேடையில்தான் 'டேஸ்லர்' என்ற பெயர் வளர்ந்தது.

1987: ஏன் ஸ்விட்சர்லாந்து?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1980களில் தேசிய அணிக்கு ஆடினாலும் காற்பந்து ஒரு முழுநேர வேலை கிடையாது. ஆட்டக்காரர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்குப் போனார்கள். மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் 1989ல்தான் வந்தது. அது முழுமையான தொழில்முறை லீக்காக மாறியது 1994ல். சிங்கப்பூரின் சொந்தத் தொழில்முறை லீக்கான எஸ்.லீக் 1996ல் தொடங்கியது.

ஆக, 1987ல் ஒரு சிங்கப்பூரர் காற்பந்தை மட்டுமே நம்பி வாழ விரும்பினால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். வேறு வழியே இல்லை.

அந்தக் கதவைத் திறந்து காட்டியவர் ஃபாண்டி. முதலில் இந்தோனேசியாவின் நியாக் மித்ரா, பிறகு 1983ல் நெதர்லந்தின் குரோனிங்கன். அதே ஆண்டு யூஇஎஃப்ஏ கிண்ணப் போட்டியில் இத்தாலியின் இண்டர் மிலான் அணிக்கு எதிராகவே அவர் கோல் போட்டார்.

சுந்தரமூர்த்தி போனது ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் குழுவுக்கு. 1987-88 பருவம். அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை.

பாசல் இன்று சாம்பியன்ஸ் லீக் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். ஆனால் அவர் போன நேரத்தில் குழு தடுமாறிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் பாசல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மீண்டும் முதல் பிரிவுக்கு வர 1994 வரை காத்திருந்தது.

அந்தக் காலத்துச் சூழலையும் எண்ணிப் பாருங்கள்:

- ஐரோப்பிய லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கடும் வரம்பு இருந்தது. ஐரோப்பிய நாட்டவரைப் பொறுத்தவரை அந்த வரம்புகள் தளர்ந்ததே 1995ன் பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகுதான். இருக்கும் ஓரிரு இடங்களுக்கு ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று எல்லாரும் போட்டி.

- கைத்தொலைபேசி இல்லை. இணையம் இல்லை. வீட்டோடு பேச வெளிநாட்டு அழைப்புக் கட்டணம், இல்லையேல் கடிதம்.

- அரங்கம் முழுக்கத் தன் பெயரைச் சொல்லிக் கத்தும் ஊரிலிருந்து, தன் நாடு எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாத ஊருக்குப் போவது.

அவர் அங்கே நீண்டகாலம் இருக்கவில்லை. ஆனால் ஃபாண்டிக்குப் பிறகும் ஒரு சிங்கப்பூரர் ஐரோப்பிய உயர்மட்டக் குழு ஒன்றில் சேர்ந்தார் என்பது பதிவானது. அது தனியொருவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மட்டும் இல்லை என்று இளம் ஆட்டக்காரர்கள் நம்ப அது ஒரு காரணம்.

திரும்பி வந்த பிறகு?

ஆசியாவுக்குத் திரும்பிய அவர் மலேசியாவின் கெடா மாநில அணிக்கு ஆடினார். பிறகு சிங்கப்பூர்ச் சட்டைக்கும் திரும்பினார்.

1993 முக்கியமான ஆண்டு. அப்போது சிங்கப்பூர் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் இருந்தது. ரசிகர்களுக்கு அவமானமாக இருந்தது. ஃபாண்டி பஹாங் அணியில் இருந்தார். யாரைப் பார்க்க அரங்கத்துக்குப் போவது?

போனார்கள். சுந்தரமூர்த்தியைப் பார்க்கத்தான் போனார்கள்.

அந்த ஆண்டு தேசிய விளையாட்டரங்கில் புருணைக்கு எதிராக அவர் போட்ட கோல் இன்றும் பேசப்படுகிறது. கோலுக்கு முதுகைக் காட்டியபடி, உடம்பை அந்தரத்தில் கிடத்தி, தலைக்கு மேலே வந்த பந்தைப் பின்னோக்கி உதைத்தார். பைசிக்கிள் கிக். பந்து வலைக்குள்.

இப்போது இப்படியொரு கோல் விழுந்தால் பத்து நிமிடத்தில் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடும். அப்போது தொலைக்காட்சியில் பார்த்தவர் மறுநாள் பள்ளியில், காப்பிக்கடையில், வேலையிடத்தில் வாயால் சொல்லித்தான் பரவியது. அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தக் கோல் இன்னும் பெரிதாக வளர்ந்துவிட்டது.

1993ல் சிங்கப்பூர் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய் கெடாவிடம் 0-2 என்று தோற்றது. மறு ஆண்டு, ஃபாண்டி அணித்தலைவராகத் திரும்பிய 1994ல், லீக் பட்டமும் கிண்ணமும் சேர்ந்தே வந்தன. இறுதியாட்டத்தில் பஹாங்கை 4-0 என்று வீழ்த்தியது சிங்கப்பூர்.

அதோடு ஒரு சகாப்தம் முடிந்தது. டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு ஏற்பட்ட கருத்துவேறுபாட்டால் சிங்கப்பூர் அந்தப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996ல் எட்டுக் குழுக்களோடு எஸ்.லீக் பிறந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு, சொந்த நாட்டிலேயே, முழுநேரமாக ஆடும் வாய்ப்பு முதன்முறையாக வந்தது.

சுந்தரமூர்த்திக்கு அப்போது 30 வயது. தொழில்முறை லீக் அவருக்குப் பத்து ஆண்டு தாமதமாக வந்தது என்றுகூடச் சொல்லலாம். இருந்தாலும் அவர் எஸ்.லீக்கிலும் ஆடினார். ஜூரோங் எஃப்சியில் இருந்தபோது பயிற்றுவிப்புப் பக்கமும் திரும்பினார்.

ஆட்டக்காரர் எப்படிப் பயிற்றுவிப்பாளர் ஆனார்?

ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் உழைக்கும் காலம் பெரும்பாலும் 35 வயதுக்குள் முடிந்துவிடும். மற்றவர்கள் வேலையில் மேலே ஏறத் தொடங்கும் வயதில் இவர்கள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பயிற்றுவிப்பு அதற்கு ஒரு வழி. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் நல்ல பயிற்றுவிப்பாளர் ஆவதில்லை. தனக்கு இயல்பாக வருவதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு திறன்.

சுந்தரமூர்த்தியிடம் ஒரு வியப்பான முரண் இருந்தது. ஆட்டக்காரராக அவர் கலைஞர். பயிற்றுவிப்பாளராக அவர் கணக்காளர்! "முதல்ல கோல் விடாதீங்க, அப்புறம் அடிக்கலாம்" என்ற வகை. கட்டுக்கோப்பு, உழைப்பு, தற்காப்பு. 'டேஸ்லர்' பயிற்றுவிக்கும் அணி மயக்கும் ஆட்டம் ஆடும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு பெரிய பட்டத்தைத் தந்தது.

லயன்ஸ் டுவெல்வ்: ஜாலான் புசாரில் ஓர் இரவு

சிங்கப்பூர் 2012ல் மலேசிய லீக்குக்குத் திரும்பியது. அதற்காகவே உருவாக்கப்பட்ட அணி லயன்ஸ் டுவெல்வ். பதினொருவர் ஆடுவார்கள், பன்னிரண்டாவது ஆள் ரசிகர்கள். பயிற்றுவிப்பாளர் சுந்தரமூர்த்தி.

முதல் ஆண்டே லீக்கில் இரண்டாம் இடம். கிளந்தான் முதலிடம். மலேசியக் கிண்ண அரையிறுதியில் ஏடிஎம் அணியிடம் பெனால்டி வாய்ப்புகளில் தோல்வி.

இரண்டாம் ஆண்டு, அணி பெரும்பாலும் இளையர்கள். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

2013 ஜூலை 2. ஜாலான் புசார் விளையாட்டரங்கம். எதிரணி ஃபெல்டா யுனைட்டெட். 4-0.

மலேசிய சூப்பர் லீக் பட்டம் சிங்கப்பூருக்கு! 1994க்குப் பிறகு மலேசிய லீக் பட்டத்தை ஒரு சிங்கப்பூர் அணி வென்றது அப்போதுதான். சுமார் 6,000 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கம் அது. தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரம். காலாங்கின் பழைய அரங்கம் இடிக்கப்பட்டுப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சிங்கப்பூர்க் காற்பந்து தன் பழைய வீட்டிலேயே கொண்டாடியது.

இந்தப் பட்டத்தை ஏன் பெரிதாகச் சொல்கிறோம்? 1994 அணியில் ஃபாண்டி, அப்பாஸ் சாட் போன்ற நட்சத்திரங்கள் இருந்தார்கள். 2013ல் வென்றது பெரும்பாலும் இளம் உள்ளூர் அணி. அதை நடத்தியவரும் உள்ளூர்க்காரர். பெரிய பொறுப்புக்கு வெளிநாட்டவர்தான் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு பதில்.

அந்தப் பருவத்துக்குப் பிறகு அவர் விலகினார். மலேசியாவின் நெகிரி செம்பிலான் அணிக்குப் பயிற்றுவித்தார். பிறகு சிங்கப்பூரின் தெம்பனிஸ் ரோவர்ஸ். லயன்ஸ் டுவெல்வ் 2015ல் ஃபாண்டியின் பயிற்சியில் மலேசிய எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு இறுதியில் அணியே கலைக்கப்பட்டது. இரு நாட்டுச் சங்கங்களின் உடன்பாடு நீட்டிக்கப்படவில்லை.

தேசிய அணி: என்ன ஆனது?

2016 மே மாதம் அவர் தேசியப் பயிற்றுவிப்பாளர் ஆனார். ஜெர்மனியின் பெர்ன்ட் ஷ்டாங்கா விட்ட இடத்தில் ஓர் உள்ளூர்க்காரர்.

இந்தப் பகுதியை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. முடிவுகள் சரியாக அமையவில்லை.

- 2016 ஏஎஃப்எஃப் சுஸுகி கிண்ணம்: பிலிப்பீன்ஸுடன் 0-0. தாய்லந்திடம் 0-1. இந்தோனேசியாவிடம் 1-2. முதல் சுற்றிலேயே வெளியேற்றம்.

- 2017 ஜூன் 10: ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சொந்த மண்ணில் தைவானிடம் 1-2 தோல்வி.

- மூன்று நாள் கழித்து: புதிய தேசிய விளையாட்டரங்கில் அர்ஜென்டினாவிடம் 0-6. அது நட்புமுறை ஆட்டம். மெஸ்ஸி வரவில்லை. அவர் வராமலேயே ஆறு கோல்.

குறைகூறல்கள் குவிந்தன. "ரொம்பத் தற்காப்பா ஆடுறாங்க", "பார்க்கவே போரடிக்குது" என்றார்கள் ரசிகர்கள். அதைச் சொன்னவர்களில் பலர், 25 ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆட்டத்துக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள். அதுதான் வலி.

2018 ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். இடைக்காலப் பயிற்றுவிப்பாளராக வந்தவர் ஃபாண்டி.

தவறு யாருடையது? அவர் மீது மட்டும் பழியைப் போடுவது எளிது. ஆனால் லயன்ஸ் டுவெல்வ் கலைந்ததால் தேசிய ஆட்டக்காரர்கள் வாராவாரம் கடுமையான போட்டியில் ஆடும் வாய்ப்பு போயிருந்தது. எஸ்.லீக்கில் பணமும் கூட்டமும் குறைந்துகொண்டிருந்தன. 2012ல் ஏஎஃப்எஃப் கிண்ணத்தை வென்ற தலைமுறை வயதாகிக்கொண்டிருந்தது. அதே சமயம், தன்னிடம் இருந்தவர்களைக் கொண்டு கொஞ்சம் துணிந்து ஆடியிருக்கலாம் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

சின்ன நாடு என்பதுதான் காரணமா?

"நாம சின்ன நாடு, நம்மால முடியாது" என்று அடிக்கடி கேட்கிறோம். ஓர் ஒப்பீட்டைப் பார்ப்போம்.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்று ஒரு தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். நம் தெம்பனிஸ் வட்டாரத்தில் வாழ்வோரைவிடக் குறைவு. ஆனால் ரக்பி லீக் விளையாட்டில் சமோவா 2022 நவம்பரில் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கே போய்விட்டது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 6-60 என்று நொறுங்கிய அதே அணி, அரையிறுதியில் அதே இங்கிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 27-26 என்று வென்றது! மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபர்ட் அரங்கில் ஆஸ்திரேலியாவிடம் 10-30 என்று தோற்றாலும், இறுதிக்குப் போன முதல் பசிபிக் தீவு நாடு அது.

எப்படி முடிந்தது? உடல்வலிமை மட்டும் காரணமில்லை. பல சமோவாக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலந்திலும் குடியேறியுள்ளன. அங்கே பள்ளி அணி, இளையர் அணி, தொழில்முறை லீக் என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பையன் 16 வயதில் நல்லா ஆடினால், அடுத்த படி எங்கேன்னு அவனுக்கும் குடும்பத்துக்கும் தெரியும். அண்ணனோ மாமாவோ அந்த வழியில் ஏற்கெனவே போயிருப்பார்.

சுந்தரமூர்த்திக்கு முன்னால் அப்படிப் படிகள் இல்லை. ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அதைத் தாண்டித்தான் பாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. பாதை இல்லாத இடத்தில் ஒருவர் குதித்துத் தாண்டலாம். பின்னால் வரும் நூறு பேரும் அப்படியே குதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆக, நாட்டின் அளவைவிடப் படிகள் இருக்கின்றனவா என்பதே பெரிய கேள்வி.

இன்று நிலைமை மாறியிருக்கிறதா?

ஓரளவு.

எஸ்.லீக் 2018ல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாறியது. 2021ல் 'அன்லீஷ் த ரோர்' என்ற தேசியத் திட்டம் தொடங்கியது. பள்ளிகளிலேயே காற்பந்துப் பயிற்சிக்கழகங்கள், இளையர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது போன்றவை அதில் அடங்கும். ஃபாண்டியின் மகன் இக்சான் நார்வேயில் ஆடினார்.

சிக்கலான கேள்வியும் தொடர்கிறது. ஆண்களுக்கு 18 வயதையொட்டி இரண்டாண்டு தேசிய சேவை. ஒரு காற்பந்தாட்டக்காரர் வளரும் வயதும் அதுதான். 2018ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவோடு ஒப்பந்தம் செய்த பென் டேவிஸின் ஒத்திவைப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்கு ஒத்திவைப்பு கிடைத்தது, 2016 ஒலிம்பிக்கில் தங்கம் வந்தது. நாட்டுக்குப் பதக்கம் தரும் விளையாட்டாளருக்கும், தன் தொழிலுக்காக ஆடும் விளையாட்டாளருக்கும் ஒரே அளவுகோலா? எல்லா இளையரும் சமமாகச் செய்யும் சேவையில் யாருக்கு விலக்கு தருவது? இரு பக்கமும் நியாயமான வாதம் இருக்கிறது. அதனால்தான் அந்த விவாதம் ஓயவில்லை.

தமிழ்ச் சமூகத்துக்கு இன்னொரு கேள்வி. ராஜகோபால், சமது, பத்மநாதன், சுந்தரமூர்த்தி, சசிக்குமார் என்று ஒரு காலத்தில் வரிசையாகச் சொல்ல முடிந்த பெயர்களை இன்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் "படிப்பா, பந்தா?" என்று கேட்டே பழகிவிட்டோம். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று கேட்பது குறைவு.

காற்பந்தில் எதிர்காலம் தேடும் இளையர் என்ன கவனிக்கலாம்?

- ஆடுவது ஒரு கட்டம் மட்டுமே. சுந்தரமூர்த்தியின் ஆட்டக்காலத்தைப் போலவே பயிற்றுவிப்புக் காலமும் நீண்டது. பயிற்றுவிப்பாளர் சான்றிதழ், விளையாட்டு அறிவியல், உடல் இயன்மருத்துவம், நடுவர் பணி என்று இன்று கதவுகள் அதிகம். ஆடும்போதே அடுத்ததைத் தொடங்கலாம்.

- வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் குழுவின் பெயரை மட்டும் பார்க்காதீங்க. அங்கே ஆட இடம் கிடைக்குமா, குழு எந்த நிலையில் இருக்கிறது, யார் கவனித்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பாசல் பெரிய பெயர்தான். ஆனால் 1987-88 அதற்கு மோசமான பருவம்.

- ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். தமிழோ ஆங்கிலமோ, உங்களுக்குப் புரியும் மொழியில் யாராவது விளக்கட்டும்.

- தேசிய சேவைக் காலத்தைத் திட்டத்துக்குள் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசி நேரத்தில் யோசித்தால் எல்லாருக்கும் சிரமம்.

சுருக்கமாக

1965ல் பிறந்து, முழுநேர லீக் இல்லாத காலத்தில் ஐரோப்பா சென்றவர். 1993ல் ஓர் உதையால் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கியவர். 2013ல் மலேசிய லீக்கை வென்றவர். 2018ல் தேசிய அணியை விட்டு விலகியவர். சுந்தரமூர்த்தியின் கதையில் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சம அளவு இருக்கின்றன. தொழில்முறை விளையாட்டு என்றாலே அப்படித்தான்.

"காற்பந்து விளையாடிச் சாப்பிட முடியுமா?" அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதையே செய்தார். இன்னும் எத்தனை பேர் செய்ய முடியும் என்பது திறமையைவிட, பள்ளித் திடலுக்கும் தேசிய அரங்கத்துக்கும் இடையில் நாம் எத்தனை படிகளைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.